பல்லி தொலைத்த குற்றம்

உஸ்தாத் வாஸிஃபுக்கு அந்த வாரம் கடைவாய்ப்பல் வீங்காமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

எங்கள் தலைநகர் அம்மானில், லுவைப்தா மேட்டில், ஒரு பழைய கல்வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்கு அரபியில் குரல் கொடுத்து எங்கள் நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வளைகுடாத் தொலைக்காட்சிகளுக்கும் அனுப்புவது தொழில். எண்பத்தைந்தாம் வருடம். நான் ஒலிப்பதிவாளன். பெயர் ஜிர்யஸ், ஊர் மாதபா. முதலாளி அபூ கைஸ் எதற்கும் அவசரப்படுகிற மனிதர். அவருக்குக் காலை எட்டு மணி என்றாலே மதியம் ஆகிவிட்ட மாதிரி. மொழி பார்ப்பவர் உஸ்தாத் வாஸிஃப். குழந்தைகள் கேட்கிற படம் என்பதால் தெருப்பேச்சு கூடாது, இலக்கணச் சுத்தமான அரபிதான் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதைக் காப்பதற்காகவே உஸ்தாத் ஒரு மர நாற்காலியில் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு சொல்லின் கடைசி ஒலியைத் தவறவிட்டால் பென்சிலால் மேசையைத் தட்டுவார். மேசையின் அந்த மூலை குழி விழுந்து கிடந்தது.

அந்த வருடம் செக் நாட்டிலிருந்து ஒரு படம் வந்தது. சுமாக் என்று ஒரு பல்லிக்குட்டி. முதல் பகுதியிலேயே பூனை ஒன்று அதன் மேல் பாய்கிறது. பல்லி வாலை விட்டுவிட்டு ஓடுகிறது. கூட இருந்த தம்பிப் பல்லியையும் விட்டுவிட்டு ஓடுகிறது. மொத்தம் இருபத்தாறு பகுதிகள், ஊர் ஊராக, பார்க்கிற பிராணியிடமெல்லாம் கேட்கிறது: "என் வாலைக் கண்டீரா?"

சுமாக்கின் குரல் ஹியாமுடையது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த பெண். வானொலியில் பதினாறு வருடம் நடித்தவள். தெருவில் காய் வாங்கும்போது பேசினால் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். ஆளைப் பார்த்துவிட்டு ஏமாந்து போகும். சிரிக்கவைப்பாள், கிண்டல் செய்வாள். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது அவள் குரலைப் புகழ்ந்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பதிவு தொடங்க வேண்டிய சனிக்கிழமை காலை உஸ்தாதின் மனைவி தொலைபேசியில் சொன்னார்: பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, முகம் தர்பூசணி மாதிரி இருக்கிறது, ஒரு வாரம் வாயைத் திறக்க முடியாது.

"ஒரு வாரமா? இன்னிக்கே டேப் கேட்டு தெலெக்ஸ் வந்திருக்கு," என்றார் அபூ கைஸ். "ஆரம்பிங்க. உங்களுக்கெல்லாம் அரபி தெரியாதா என்ன?"

தெரியும்தான். ஆனால் அரபியை எழுதும்போது குறில் ஒலிகளை எழுதமாட்டோம். வெறும் மெய்கள் தாளில் நிற்கும்; வாசிக்கிறவர்தான் உயிரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல்லி தேடுகிற பொருளுக்கு எழுத்து மூன்று. 'தனப்' என்று வாசித்தால் வால். நடுவிலிருக்கும் அகரத்தை விழுங்கி 'தன்ப்' என்று வாசித்தால் குற்றம். கடிதத்திலும் கட்டுரையிலும் இடத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகூடத் தப்பாக வாசிக்காது, பல்லிப் படம் என்று தெரிந்தால்.

ஹியாம் அன்று மைக் முன்னால் நின்றாள். திரையில் பல்லியின் முகம் மட்டும் தெரிந்தது, குகை வாசலில், கண்கள் நிறைந்து. அவள் தாளைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு உடைந்த குரலில், மெதுவாகக் கேட்டாள்:

"ஆமையாரே, என் குற்றத்தைக் கண்டீரா?"

ஆமைக்குக் குரல் கொடுத்த கிழவர் பதறிப்போய் நிமிர்ந்தார். அவருக்கு அடுத்த வரி எழுதியிருந்தபடியே இருந்தது: "அது எப்படி இருக்கும், மகனே?"

"நீளமாக இருக்கும். நுனி கூர்மையாக இருக்கும். எப்போதும் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது."

"எல்லாருக்கும் அது பின்னால்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தாயா?"

"பார்க்கப் பயமாக இருந்தது, ஐயா."

பதிவு முடிந்ததும் அபூ கைஸ் மூக்கைச் சிந்தினார். "இந்தச் செக் நாட்டுக்காரன் பெரிய ஆளுப்பா! குழந்தைங்க படத்துல என்னமா எழுதியிருக்கான்!" என்றார். எனக்கும் ஏதோ இடித்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் என் இலக்கணம் பள்ளியிலேயே படுத்துவிட்டது. தவிர, ஹியாமின் முகம் கேள்வி கேட்கிற மாதிரி இல்லை. அந்த ஒரு வாரத்தில் ஆறு பகுதிகளை முடித்து டேப்பை விமானத்தில் ஏற்றினோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, ஐந்து மணிக் கார்ட்டூன் நேரத்தில், வாசலில் டாக்சி ஒன்று கீச்சென்று நின்றது. உஸ்தாத் வாஸிஃப் இறங்கினார். தாடையைச் சுற்றித் தலைவரை துண்டு கட்டியிருந்தது. ஒரு வாரத்தில் வற்ற வேண்டிய வீக்கம் இன்னும் வற்றாமல், வாய் பாதிதான் திறந்தது.

"வா...! வா...!" என்று கத்தினார்.

"வந்துட்டோம் உஸ்தாத், என்ன வேணும்?" என்றார் அபூ கைஸ்.

உஸ்தாத் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் குனிந்து, முதுகுக்குக் கீழே கையை வைத்து, விரலை ஆட்டிக் காட்டினார்.

"இவருக்கு அங்கயும் வலிக்குதா?" என்று ஆமைக் கிழவர் என் காதில் கேட்டார்.

"வால்!" துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு உஸ்தாத் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். "வால்யா அது! வால்! பல்லி எதைத் தொலைக்கும்? குற்றத்தையா தொலைக்கும்? என் பேத்தி என்னைக் கேக்குறா, தாத்தா, பல்லியோட குற்றம் பழுப்பு நிறமான்னு!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அபூ கைஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே, "நான் அழிஞ்சேன், அழிஞ்சேன்," என்றார். ஹியாம் மட்டும் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

உஸ்தாத் அவள் பக்கம் திரும்பினார். கோபம் குறைந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரலில் கேட்டார். "ஹியாம், பதினாறு வருஷமா மைக் முன்னாடி நிக்கிறவ நீ. ஒண்ணாங்கிளாஸ் புள்ள வால்னு வாசிக்கிற இடத்துல உனக்கு மட்டும் எப்படிம்மா குற்றம்னு தெரிஞ்சுது?"

"தெரியல உஸ்தாத். அந்த எழுத்து எனக்கு எப்பவும் அப்படித்தான் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதானே உஸ்தாத்?" என்று அபூ கைஸ் தப்பிக்கப் பார்த்தார். "ஒரே எழுத்து. ஏதாவது சொந்தம் இருக்கும்ல?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் உஸ்தாதால் கோபத்தில் நிலைத்திருக்க முடியாது. வீங்கிய தாடையைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். "இருக்கு. அகராதி எழுதின பழைய ஆளுங்க வால்தான் முதல்ல, குற்றம் அதுலேருந்து பிறந்ததுன்னு சொல்றாங்க. ஒரு காரியம் பண்றோம், அது முடிஞ்சுபோச்சுன்னு நடந்துடறோம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒண்ணு இழுத்துக்கிட்டே வருது பாருங்க, அதைத்தான் அப்படிச் சொன்னாங்க. செஞ்ச காரியத்துக்குப் பேரு அது இல்ல. பின்னாடி வர்றதுக்குத்தான் பேரு."

"அப்ப நாம பண்ணினது தப்பே இல்லயே!"

"தப்புதான். ரெண்டும் வேற வேற சொல்லாகி ஆயிரத்து இருநூறு வருஷம் ஆச்சு. திரும்பப் பதிவு பண்ணுங்க."

பண்ணியிருப்போம். ஆனால் மறுநாள் தபால்காரர் ஒரு மூட்டையோடு வந்தார்.

தொலைக்காட்சி நிலையம் எங்களுக்கு அனுப்பிவைத்த கடிதங்கள் அவை. எல்லாம் குழந்தைகளின் கையெழுத்து, எல்லாம் சுமாக்குக்கு. ஹியாம் ஒன்றைப் பிரித்து உரக்க வாசித்தாள்.

"அன்புள்ள சுமாக். உன் குற்றம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. என் மாமாவின் புறாக்களை நான்தான் திறந்துவிட்டேன். காற்றில் கதவு திறந்துகொண்டது என்று சொன்னேன். நீ வந்து எடுத்துக்கொண்டு போ."

இன்னொன்று ஒரு பெண் குழந்தையிடமிருந்து. "அழாதே சுமாக். என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றை நீ வைத்துக்கொள். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த பேரீச்சைப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, தம்பி தின்றான் என்று சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல மாட்டேன்."

"என் அப்பா சொல்கிறார், பல்லிக்குக் குற்றம் கிடையாதாம். அவர் தினமும் செய்தித்தாள் வாசிக்கிறவர்."

ஒரு பையன் எதையும் நம்பாமல், பட்டத்தின் வால் ஒன்றைச் சுருட்டி உறையில் வைத்து அனுப்பியிருந்தான். "எதற்கும் இருக்கட்டும்" என்று மட்டும் எழுதியிருந்தான். உஸ்தாத் அந்தப் பையன் ஒருவன்தான் அரபி தெரிந்தவன் என்றார்.

சாயங்காலம் தெலெக்ஸ் வந்தது: பெற்றோர்கள் மகிழ்ச்சி, ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம், கடைசிப் பகுதிகளைச் சீக்கிரம் அனுப்பவும். மொழி சரி என்று கையெழுத்துப் போட உஸ்தாத் மறுத்தார். அபூ கைஸ் அவர் காலில் விழாத குறை. அந்த இழுபறிக்கு நடுவே கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை ஹியாமிடம் வந்து சேர்ந்தது. தினமும் இரண்டு மணி நேரம் எழுதுவாள். புறாப் பையனுக்கு, "மாமாவிடம் நீயே போய்ச் சொல், நான் எடுத்துக்கொண்டால் உனக்கு எடை குறையாது" என்று எழுதினாள். பலகாரக்காரிக்கு, "தம்பிக்கு உன் பங்கில் பாதி கொடு" என்று எழுதினாள். நல்ல பதில்கள். நான் தபால்தலை ஒட்டிக்கொடுப்பேன்.

ஒரு நாள் ஒரு கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள். கரக் ஊரிலிருந்து, எட்டு வயதுப் பெண். நான் வாங்கிப் பார்த்தேன். "சுமாக், நீ ஏன் எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரிகிறாய்? எதையாவது தொலைத்தால் கடைசியாக எங்கே வைத்திருந்தாயோ அங்கே போய்ப் பார் என்று என் அம்மா சொல்வாள். உனக்கு அம்மா இல்லையா?"

"ஜிர்யஸ், உன் கார் ஓடுதா?" என்றாள் ஹியாம்.

"இறக்கத்துல நல்லா ஓடும்."

"சல்ட் வரைக்கும் போகணும்."

வழியில்தான் சொன்னாள். அவளுக்கும் ருவைதா என்று ஒருத்திக்கும் சின்ன வயதிலிருந்து சிநேகம். பிறந்த ஊரான சல்ட்டில் ஒரே படிக்கட்டுச் சந்தில் வீடுகள். பள்ளி நாடகங்களில் ராணி வேடம் எப்போதும் ருவைதாவுக்கு. ஹியாமுக்குத் தோழி, கிழவி, ஒரு முறை ஒட்டகம். வானொலியில் புதுக் குரல்களுக்குத் தேர்வு என்று அறிவிப்பு வந்தபோது இருபத்திரண்டு வயது. தேர்வு புதன்கிழமை. ஹியாம் ருவைதாவிடம் போய், வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள். புதன்கிழமை தனியாகப் போனாள். எடுத்துக்கொண்டார்கள்.

"அவ என்ன சொன்னா?"

"அவ சொல்ற தூரத்துல நான் நிக்கவே இல்லையே. அன்னிக்கு அம்மானுக்கு வந்தவதான். அவ கல்யாணத்துக்குப் போகல. புள்ள பிறந்தப்போ போகல. எதிர்ல வந்தா வேற தெருவுல திரும்பிடுவேன். நீங்கள்லாம் நல்ல குரல்னு சொல்றப்போ எனக்கு என்ன தோணும் தெரியுமா? இது அவ குரல், நான் எடுத்துப் போட்டுக்கிட்டிருக்கேன்னு தோணும்."

வண்டி மேட்டில் திணறியதால் கியர் மாற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

ருவைதா வீட்டு மாடியிலேயே பாலர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். உயரமாக, குண்டாக, கையில் சாக்பீஸ் சுண்ணாம்புத் தூளோடு வந்து நின்றாள். ஹியாமைப் பார்த்தாள். ஆச்சரியத்தைக் காட்டவே இல்லை. "உள்ள வா," என்றாள். என்னையும் பார்த்து, "நீங்களும் வாங்க. கார் சத்தம் கேட்டப்பவே தண்ணி கொண்டுவரச் சொல்லிட்டேன், காருக்கு," என்றாள்.

பிள்ளைகளுக்கு ஏதோ வரையக் கொடுத்துவிட்டு, ஏலக்காய் வாசனையோடு காப்பி கொண்டுவந்தாள். ஹியாம் கோப்பையை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்தாள். பெண் கேட்டுப் போகிற ஆண்கள்தான் எங்கள் பக்கம் அப்படிச் செய்வார்கள், கேட்க வந்தது கிடைத்த பிறகுதான் குடிப்போம் என்று.

"என்னடி இது, என் பையனுக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கியா? அவனுக்குப் பத்து வயசு."

"ருவைதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"காப்பி ஆறுது. சீக்கிரம் சொல்லு."

ஹியாம் சொன்னாள். புதன்கிழமை, வியாழக்கிழமை, எல்லாம். சொல்லும்போது குரல் ஒரு நடிப்பும் இல்லாமல் தட்டையாக இருந்தது. முடிந்ததும் ருவைதா சற்று நேரம் தன் கையிலிருந்த சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை நான் அங்கதான் இருந்தேன்," என்றாள்.

"எங்க?"

"வானொலி வாசல்ல. வியாழக்கிழமை போட்டுக்கறதுக்குச் செருப்பு வாங்க அம்மான் வந்தேன். பஸ் அந்தப் பக்கமா போச்சு. வரிசை நிக்குது, அதுல நீ நிக்கிற. இறங்கிட்டேன். சைப்ரஸ் மரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன்."

ஹியாம் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் நகர்ந்தாள்.

"வந்து உன் முடியைப் பிடிச்சு இழுத்திருக்கலாம். வரிசையில நின்னிருக்கலாம், நேரம் இருந்துச்சு. ஆனா முட்டி ரெண்டும் ஆட ஆரம்பிச்சிருச்சுடி. ஊர்ல அத்தைங்க முன்னாடி ராணி வேஷம் போடறது வேற. அந்த வாசல் வேற. அப்புறம் நினைச்சேன், நல்லவேளை, இவ பொய் சொல்லிட்டா, நான் பயந்துட்டேன்னு யாருக்கும் சொல்ல வேண்டாம்னு. போய்ச் செருப்பு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அதுவும் கடிச்சுது. உன்னைத் திட்டினதெல்லாம் அந்தச் செருப்புக்குத்தான்."

"பதினாறு வருஷம், ருவைதா..."

"ஆமா, பதினாறு வருஷம்." ருவைதாவின் குரல் சட்டென்று மாறியது. "அதுக்கு வா. பொய் சொன்னது ஒரு நாள். அதை நான் வருஷம் திரும்பறதுக்குள்ள மறந்துட்டேன். அம்மா செத்தப்போ மூணு நாள் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊரே வந்துச்சு. உனக்குச் சோறு ஊட்டினவடி அவ. நீ வரல. அதுக்கு என்ன சொல்ற?"

"வந்தேன்," என்றாள் ஹியாம். "படிக்கட்டு வரைக்கும் வந்தேன். ஏறவும் செஞ்சேன். முடியல, திரும்பிட்டேன்."

"எத்தனை படி ஏறின?"

"பதினொண்ணு."

"மொத்தம் பத்தொன்பது." ருவைதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சுண்ணாம்பு முகமெல்லாம் அப்பியது. "எட்டுப் படிடி! எட்டே எட்டுப் படி! உன்னை என்ன செஞ்சா தகும்?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரிலிருந்த எழுத்து அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டன. ஹியாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒன்றுமில்லை, குழந்தைகளே," என்றாள். பழக்கத்தில் இலக்கண அரபியில் சொல்லிவிட்டாள்.

"சுமாக்!" என்று ஒரு பெண் குழந்தை கிறீச்சிட்டது.

அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாது. இருபது பிள்ளைகள் அவள் மேல் ஏறின. ஒரு பையன் மட்டும் கூட்டத்தில் சேராமல் சுற்றிக்கொண்டு பின்னால் போய், அவள் பாவாடையை உற்றுப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் முளைக்கல," என்று மற்றவர்களுக்கு அறிவித்தான்.

கிளம்பும்போது ருவைதா உத்தரவு போட்டாள். "வெள்ளிக்கிழமை வர்ற. அம்மா கல்லறைக்குப் போறோம். அங்க நீயே பேசிக்கோ, நான் நடுவுல வரமாட்டேன்." ஹியாம் தலையாட்டினாள். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.

ஸ்டூடியோவில் கடைசிப் பகுதிக்கான சண்டை உச்சத்துக்குப் போயிருந்தது. அந்தப் பகுதியில் பல்லி தம்பியைத் தேடி, பூனை பாய்ந்த அந்தப் பழைய குகைக்கே திரும்புகிறது. தம்பி உயிரோடு இருக்கிறது. அதற்குள் வால் தானாக வளர்ந்திருக்கிறது. குளத்துத் தவளை அதைப் பார்த்துச் சொல்கிறது: "உன் வால் முளைத்துவிட்டதே!" குற்றம் முளைத்துவிட்டது என்று சொன்னால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? வால் என்று சொன்னால், இருபத்தைந்து பகுதிகளாகத் தேடியது எங்கே போயிற்று?

உஸ்தாத் அந்தக் கடிதங்களை ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். தப்பு கண்டுபிடிக்க என்றார். மறுநாள் வந்தபோது பென்சில் காதில் செருகியிருந்தது, மேசையைத் தட்டவில்லை. ஹியாம் அவரிடம் சல்ட்டுக்குப் போனதையும் பத்தொன்பது படிகளையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு தாளை இழுத்து, இரண்டு வரி எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் மேலும் கீழும் உயிர்க்குறிகளைப் பொறுமையாக இட்டார், யாரும் இனித் தப்பாக வாசிக்க முடியாதபடி.

தவளை கேட்க வேண்டும்: "நீ தொலைத்தது வாலா, குற்றமா? தெளிவாகச் சொல்."

சுமாக் சொல்ல வேண்டும்: "இரண்டையும் ஒரே இடத்தில்தான் விட்டேன். வால் தானாக முளைத்துவிட்டது. மற்றதற்காக நான் நடந்து திரும்பி வர வேண்டியிருந்தது."

"கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார் அபூ கைஸ்.

"இதுக்குப் போடுவேன்."

தவளைக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் தன் மச்சினன் கல்யாணத்துக்கு இர்பித் போயிருந்தார். ஹியாம்தான் ருவைதாவைச் சொன்னாள். நான் போய் அழைத்து வந்தேன். ருவைதா நல்ல உடுப்பு உடுத்தி, புதுச் செருப்பு போட்டு வந்தாள். வழியெல்லாம் அந்த ஒரு வரியைப் பதினைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

மைக் முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. "க்ர்ர்..." என்று மட்டும் வந்தது.

"அற்புதம்! தவளைன்னா இப்படித்தான்!" என்று அபூ கைஸ் துள்ளிக் குதித்தார்.

பதினொரு தடவை எடுத்தோம். நடுவே அவள் முட்டி ஆடுவது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஹியாம் பக்கத்தில் போய் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் முழு வரியும் வந்தது. வந்ததே தவிர, உண்மையை எழுதிவிடுகிறேன், ருவைதா நன்றாக நடிக்கவில்லை. வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கூடத்தில் எல்லாரும் அதைப் புரிந்துகொண்டோம். ஹியாமும் புரிந்துகொண்டாள். பதினாறு வருடம் வேறொருத்தியின் இடத்தில் நின்று பேசுவதாக நினைத்திருந்தவள், அந்தத் தவளையைக் கேட்டதும் முகத்தில் பொங்கி வந்த சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல நடித்தாள். அவள் அவ்வளவு மோசமாக நடித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் தன் வரியைச் சொன்னாள். ஒரே தடவைதான். உஸ்தாத் தாளைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு சல்ட்டுக்குக் கிளம்பினேன். சந்து திரும்புவதற்குள் ருவைதா ஆரம்பித்துவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

ஹியாம் சன்னலைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள்.

"மோசம்டி," என்றாள்.

ருவைதா முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஸுவைலிஹ் வரும்வரை வாயே திறக்கவில்லை. நான் வானொலியைப் போட்டேன், அவள் அணைத்தாள். அங்கே ரவுண்டானாவில் குனாஃபா இனிப்புக் கடையைப் பார்த்ததும் என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க. இவ வாங்கித் தரணும். ரெண்டு தட்டு."

"எனக்கு வேணாம், எனக்குப் பசி இல்ல," என்றாள் ஹியாம்.

"உனக்கு யாரு சொன்னா? ரெண்டும் எனக்கு."